மூணடிச் சந்து

பைய எடுத்து மடியில வச்சுக்கங்க தம்பி. நான் உக்காரணும்ல? பைக்கும் சேத்தா டிக்கெட் எடுத்திருக்கீங்க? ம், அப்படி. இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கமாத் தள்ளுங்க. எங்க, மதுரையா? சரி, நானும் மதுரைதான். அங்க எறங்கி உசிலம்பட்டி பஸ் பிடிக்கணும். நான் வாய மூடிக்கிட்டு வருவேன்னு மட்டும் நெனச்சுக்கிறாதீங்க. இன்னைக்கு எனக்கு வயிறு எரியுது. யாருகிட்டயாச்சும் கொட்டலேன்னா நெஞ்சு வெடிச்சிரும்.

அந்தா பாருங்க, டிரைவருக்குப் பின்னாடி லேடீஸ் சீட்டுல, நீல பனியன் போட்டு ரெட்டைச் சடை. அது என் மக அனுசுயா. பன்னெண்டாவது படிக்குது. பக்கத்துல கெடியாரத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே, அது அவங்க ஸ்கூல் பி.டி. டீச்சர், வாசுகி. ‘வாடி, அப்பா பக்கத்துல உக்காரு’ன்னு கூப்பிட்டேன். வரல. அசதி. வேற ஒண்ணுமில்ல, அசதிதான். காலையில இருந்து வெயில்ல கெடந்த பிள்ள.

பேஸ்பால் ஆடுது. கிரிக்கெட் இல்லய்யா, பேஸ்பால்! எல்லாரும் இதத்தான் கேக்குறாய்ங்க. உருட்டுக் கட்டையில அடிக்கணும், அடிச்சிட்டு ஓடணும். நாலு மூலைக்கு நாலு பேஸு. அடிச்ச எடத்துல இருந்து மொத மூலைக்கு ஓடணும், அங்க இருந்து ரெண்டாவது, மூணாவது, திரும்ப கெளம்புன எடத்துக்கே வந்துட்டா ஒரு பாயிண்டு. பந்து மொத மூலைக்கு வந்து சேர்றதுக்குள்ள பிள்ள போய்ச் சேந்துரணும். பந்து முந்துனா அவுட்டு. அம்புட்டுத்தான் வெளையாட்டு. இதுல என்ன சட்டம் வேண்டிக் கெடக்கு? ஆனா வச்சிருக்காய்ங்க தம்பி. ஒரு சட்டம் வச்சிருக்காய்ங்க. அதுலதான் என் பிள்ளையக் கவுத்துட்டாய்ங்க.

கேளுங்க. போன எங்கயாவது வச்சிட்டுக் கேளுங்க. அதுல என்ன பெருசா வந்துறப் போகுது?

இன்னைக்குத் திருச்சியில கடைசி ஆட்டம். எதிர்ல சேலத்துப் பிள்ளைக. அவளுக ஒரு பாயிண்டு கூட இருக்காளுக. எங்க பக்கம் ஏற்கெனவே ரெண்டு அவுட்டு, இன்னும் ஒண்ணு போனா முடிஞ்சுச்சு. ரெண்டாவது மூலையில ஒருத்தி, மூணாவது மூலையில ஒருத்தி நிக்கிறாளுக. கட்டையத் தூக்கிக்கிட்டு என் மக வருது. நான் வேலியில தொத்திக்கிட்டு நிக்கிறேன். ‘அனுசு, பொளந்து கட்டு!’ன்னேன். அது என்னத்த பொளந்துச்சு? பட்டும் படாம ஒரு தட்டு. பந்து காலடியிலயே உருளுது. ஆனா பிள்ள பறந்துச்சு பாருங்க தம்பி! அவ ஓட்டத்துக்கு ஆளே கெடையாது. பின்னாடி குத்தவச்சிருந்தாளே பந்து பிடிக்கிறவ, அந்தக் குண்டுப் பொண்ணு, எந்திரிச்சு வந்து பந்த எடுத்து மொத மூலைக்கு வீசுறா. வீசுனது எங்க போச்சு? என் பிள்ள முதுகுல. பொளேர்னு. எனக்கு இங்க வலிச்சுச்சு. இன்னும் வீங்கித்தான் கெடக்கு, போய்ப் பாருங்க. முதுகுல பட்ட பந்து எங்கயோ ஓடிருச்சு, எங்க பிள்ளைக ரெண்டு பேரும் ஓடி வந்துட்டாளுக. ரெண்டு பாயிண்டு! ஜெயிச்சாச்சு! எல்லாரும் குதிக்கிறாளுக, நான் வேலியத் தாண்டிக் குதிக்கிறேன்.

அந்த அம்பயரு கையத் தூக்குனான் பாருங்க. அவுட்டாம். ரெண்டு பாயிண்டும் செல்லாதாம். ஆட்டம் முடிஞ்சுச்சாம், போய்ட்டு வாங்கன்றான்.

எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. அடி வாங்குனது என் பிள்ள. அடிச்சது அவ. ரோட்டுல போறவன் மேல ஒருத்தன் கல்ல விட்டு எறிஞ்சா, எறிஞ்சவனப் பிடிப்பாய்ங்களா, எறி வாங்குனவனப் பிடிப்பாய்ங்களா? நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். கிரவுண்டுக்கு நடுவுல போய் நின்னு கேட்டேன். ‘யோவ், உனக்கு மகளே இல்லையாய்யா?’ன்னேன். சிரிக்கிறான். தொப்பியக் கழட்டி மண்டையச் சொறிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறான். அப்புறம் எனக்குப் பாடம் நடத்துறான் தம்பி. எனக்கு! என் மாவு மில்லுக்கு வந்து நிக்கச் சொல்லுங்க அவன, பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் வித்தியாசம் தெரியாது.

என்ன பாடமா? மொத மூலைக்கு ஓடுறப்ப, பாதித் தூரம் வரைக்கும் எப்படி வேணா ஓடலாமாம். மிச்சப் பாதிக்கு, போட்ருக்கிற கோட்டுக்கு வெளிப்பக்கமா மூணடி தள்ளி இன்னொரு கோடு போட்ருப்பாய்ங்களாம். அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. ஓடுற பிள்ள அந்தச் சந்துக்குள்ளதான் ஓடணுமாம். கோட்டுக்கு உள்பக்கமா ஓடி, வீசுற பந்துக்கும் அதைப் பிடிக்கிறவளுக்கும் எடஞ்சலாப் போனா அவுட்டாம். பந்து முதுகுல பட்டா அதுவே சாட்சியாம். ‘உங்க பொண்ணு முழுக்க உள்ள ஓடுச்சுங்க, ஒரு கால் கூட சந்துல இல்ல’ன்றான். எம்மாம் பெரிய கிரவுண்டு! அதுல மூணடிச் சந்து! இதென்ன ரேசன் கடை வரிசையா?

என்ன கேட்டீங்க? சட்டம்னா எல்லாருக்கும் பொதுதானேன்னா கேக்குறீங்க? ஆமா பொதுதான், யாரு இல்லேன்னா? நீங்க அம்பயருக்கு ஒறவா?

இல்ல, அந்த ரெண்டாவது கேள்வி. அது ஏன் உள்ள ஓடுச்சுன்னு கேட்டீங்களா?

அது வந்து... பழக்கம்.

எங்க ஸ்கூல் கிரவுண்டுல அந்த எடத்துல சாமி இருக்கு தம்பி. மொத மூலைக்கு ஓடுற கோட்டுக்கு வெளிப்பக்கம், பாதித் தூரம் தாண்டுனதும், மூணு கல்லு, ஒரு வேலு. சப்பாணிக் கருப்பு. ஸ்கூல் அப்புறந்தான் வந்துச்சு. எங்க தாத்தா காலத்துல எடம் குடுத்தப்பவே சொல்லித்தான் குடுத்தது, கல்ல அசைக்கக் கூடாது, சுத்தி யாரும் செருப்புக் காலோட மிதிக்கக் கூடாதுன்னு. கோயில் கமிட்டியில இப்ப நான்தான் பொறுப்பு. மில்லு அடைச்சதும் சாயங்காலம் அங்கதான் போய் உக்காருவேன். வெளையாடுற பிள்ளைக எல்லாம் ஷூ போட்ருக்கும்ல? ஒருத்தி காலு அந்தப் பக்கம் போச்சு, எந்திரிச்சு ஒரு சத்தம் குடுப்பேன். கிரவுண்டே நடுங்கிரும். ஆறாவது படிக்கையில இருந்து என் மக அங்கதான் ஓடுது. பாதித் தூரம் போனதும் தானா உள்பக்கமா வளைஞ்சிரும். நான் சத்தம் போடவே வேண்டாம். பயபக்தின்னா அது பயபக்தி. மத்த பிள்ளைகளுக்கு எத்தன தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது, என் பிள்ளைக்கு ஒரே ஒரு தடவ அடிச்சேன், அம்புட்டுத்தான், அதுக்கப்புறம் தப்பவே இல்ல.

ஆமா, அங்க அந்த ரெண்டாவது கோடு கெடையாதுதான். டீச்சர் போட வந்துச்சு. சுண்ணாம்புப் பொடியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்குது. நான்தான் ‘எடு, எடு, அதை எடு’ன்னேன். சாமிக்கு முன்னாடி வெள்ளையா கோடு கெடந்தா பாக்குறதுக்குத் திருநீறு மாதிரி இருக்கும்ல? அதப் போய் பொம்பளப் பிள்ளைக மிதிச்சுக்கிட்டு ஓடலாமா? அந்தம்மா, ‘சார், இது இல்லாம பழகுனா வெளிய போய் பிள்ளைக அவுட்டாகும் சார்’னு என்னமோ மொனங்குச்சு. மொனங்கட்டுமே. வெளிய போறதா முக்கியம், உள்ள இருக்கிற சாமியா முக்கியம்?

அப்புறம் இன்னொரு யோசன கொண்டு வந்துச்சு. கிரவுண்டையே திருப்பிப் போட்ருவோம் சார், அடிக்கிற எடம் கருப்புக்கு முன்னாடி வந்துட்டா அவரு எல்லாத்துக்கும் பின்னாடி போயிருவாரு, யாரும் மிதிக்க மாட்டாங்கன்னுச்சு. நானும் நல்லாத்தான் இருக்கேன்னு ஒரு நிமிசம் மயங்கிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு. அடிக்கிறவளுக்குப் பின்னாடி ஒருத்தி குத்தவச்சு உக்காருவாளே! திருப்பிப் போட்டா அவ எங்க உக்காருவா? சாமிக்கு நேர் முன்னாடி. எதக் காட்டிக்கிட்டு உக்காருவா? சொல்லுங்க! நாள் பூரா ஒருத்தி மாத்தி ஒருத்தி சாமிக்குப் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு! கோயில் கமிட்டியக் கூட்டுனேன், ஹெட்மாஸ்டர வரச் சொன்னேன், ஒரே போடு. அந்தப் பேச்சே அதோட நின்னு போச்சு. டீச்சருக்கு அன்னைக்கு இருந்து என்னக் கண்டாலே ஆகாது.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?

அதுக்கப்புறமும் விட்டுச்சாங்குறீங்க? டவுன்ல காலேஜ் கிரவுண்டு இருக்கு, சனி ஞாயிறுல பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன், எல்லாக் கோடும் போட்டு முறையாப் பழக்குறேன்னுச்சு. எல்லாரும் அனுப்புனாய்ங்க. நான் அனுப்பல. ஆம்பளப் பயலுக சைக்கிள நிப்பாட்டிட்டு நின்னு பாக்குற எடம் அது. என் மகளுக்கு அங்க என்ன வேலை? இருக்கிற கிரவுண்டுல ஓடுனா போதும்னுட்டேன். அழுதுச்சு. பொம்பளப் பிள்ளைன்னா நாலு நாளைக்கு அழுகத்தான் செய்யும், விட்ரணும். அப்படி வளத்ததாலதான் இன்னைக்கு இந்த அளவுக்கு வந்திருக்கு.

சரி அத விடுங்க. நான் சொல்ல வந்ததே வேற. இதுக்கு மேலதான் பெரிய அநியாயம் நடந்துச்சு.

தோத்தாச்சா? எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் வரிசையா நிப்பாட்டி வச்சு, ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்குறாய்ங்க. பேரு கூப்பிட்டுக்கிட்டே வர்றாரு, ஆள் எடுக்குற கமிட்டித் தலைவரு. சேலத்துக் குண்டுப் பொண்ணு பேரு வருது. அந்தப் பேரு, இந்தப் பேரு. அப்புறம் ‘அனுசுயா சன்னாசி’ன்னாரு. ஆமா, என் பிள்ள பேருதான். சன்னாசி நான்தான். அது நம்பாமச் சுத்திமுத்தி பாக்குது. டீச்சர் ஓடிப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டும் அழுகுதுக. நாளைக் காலையில இருந்து அதே திருச்சியில கேம்ப்பு. ராத்திரி தங்குறதுக்கு எடம், சாப்பாடு எல்லாம் உண்டு. ஸ்டேட் டீம்ல ஆடிட்டா மெட்ராஸ்ல காலேஜ் சீட்டு, ஆஸ்டலு, பீஸே கெடையாது. அது ஒண்ணாப்புல இருந்து காலேஜு காலேஜுன்னு உருப்போட்டுக்கிட்டு இருக்கிற பிள்ள. என்னால அனுப்ப முடியாதுன்னு அதுக்கும் தெரியும். மில்லு ஓடுற லட்சணத்துல எங்கிட்டு அனுப்ப? இதுதான் அதுக்கு வழி, வேற வழி கெடையாது.

எனக்கும் சந்தோசம்தான் தம்பி. இல்லேன்னு சொல்வேனா? நெஞ்சு நெறஞ்சு நிக்கிறேன். அந்த நேரம் பாத்து அந்த அம்பயரு வந்தான். வந்து எங்கிட்டக் கை குடுக்குறான். ‘உங்க பொண்ணு நல்லா ஓடுதுங்க. நான்தான் கமிட்டியில எடுத்துச் சொன்னேன். உள்பக்கம் வளையிற பழக்கத்த மட்டும் மாத்திட்டாப் போதும்’ங்குறான்.

எப்படி இருக்கும் எனக்கு?

அவுட்டு குடுத்து ஊர் சிரிக்க வச்சவன், இப்ப பிச்ச போடுறானாம். நான் வாங்கிக்கணுமாம். பழக்கத்த மாத்தணுமாம்! யாரு பழக்கத்த யாரு மாத்துறது? மைக் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். ‘என் பிள்ள அவுட்டு இல்லைன்னு இந்த ஆளு இதே மைக்குல சொல்லட்டும். சொன்னாத்தான் என் பிள்ள வரும். இல்லேன்னா உங்க டீமும் வேணாம் ஒண்ணும் வேணாம்’னேன். கமிட்டித் தலைவரு வயசான ஆளு, கூப்பிட்டு வச்சுக் கெஞ்சுறாரு. ‘கோவத்துல பேசாதீங்க, வீட்டுல ஒருத்தரு சம்மதம் சொல்லாம நாங்க வச்சுக்க முடியாது, சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, அதுவரைக்கும் அடுத்த பிள்ளையக் கூப்பிடாம வச்சிருக்கோம்’னு. நான் யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பிள்ள கையப் பிடிச்சேன், இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஸ்கூல் வேன் இருந்துச்சு. அதுல ஏற மாட்டேன்னுட்டேன். அதுல இருக்கிற அத்தன பேரும் அம்பயரு கட்சி. அந்த டீச்சர் மத்த பிள்ளைகள இன்னொரு டீச்சர்கூட வேன்ல ஏத்திவிட்டுட்டு, எங்க பின்னாடியே ஓடி வந்து இந்த பஸ்ஸுல தொத்திக்கிருச்சு. நான் என்னமோ என் பிள்ளையக் கடிச்சுத் தின்னுருவேன்னு நெனப்பு.

மானம்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி? நாளைக்கு ஸ்டேட்டுக்கு ஆடுனாலும், ‘அவுட்டாகித் தோத்தாளே, அந்தப் பிள்ள’ன்னு சொல்ல மாட்டாய்ங்களா? அதுக்குத்தான். எல்லாமே அதுக்காகத்தான். காலேஜ் இல்லேன்னா என்ன, மில்லு இருக்கு. கல்லாவுல உக்காந்து காசு வாங்கிப் போட்டா ஆகாதா? நான் இல்லையா, நான் குடும்பம் நடத்தலையா?

இருங்க, டீச்சர் எந்திரிச்சு வருது. பிள்ளையும் பின்னாடியே வருது பாருங்க. பசிச்சிருக்கும். என்ன டீச்சர்? யாரு போன்ல? கமிட்டித் தலைவரா? குடுங்க, குடுங்க. தம்பி, நீங்க சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க.

அலோ. ஆமாங்கய்யா, சன்னாசிதான். சொல்லுங்க... ஆமா, வண்டியிலதான் போறோம். துவரங்குறிச்சி வரப் போகுது... நான் மதியமே சொல்லிட்டேனேங்கய்யா. உங்க மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. அந்த ஆளு பக்கத்துல இருக்கானா?... இருக்கான்ல? அவன்கிட்டக் குடுங்க... அட குடுங்கய்யா... யோவ். நான்தான்யா. அவுட்டு இல்லைன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்த... எனக்குச் சட்டம் எல்லாம் வேணாம், வாயத் தொறந்து சொல்லு... என்னது? பொண்ணு எதிர்காலமா? என் பிள்ள எதிர்காலத்தப் பத்திப் பேச நீ யாருய்யா? என் பிள்ள வராது. அடுத்த பிள்ளையக் கூப்பிட்டுக்க. வையி போன!

எப்படி? பாத்தீங்களா தம்பி? ‘தப்பா சொல்ல முடியாதுங்க’ன்றான். இந்தாங்க டீச்சர் உங்க போனு. ஏன் டீச்சர் அப்படிப் பாக்குறீங்க? அனுசு, போய் உக்காரும்மா, மதுரையில எறங்குனதும் பரோட்டா வாங்கித் தர்றேன். என்ன? போன எதுக்குடி வாங்குற டீச்சர்கிட்ட இருந்து? யாருக்கு அடிக்கிற, அந்தத் தலைவருக்கேவா? குடு இங்க. அனுசு!

என்ன சொல்றா அவ?

‘நான் அவுட்டுதான் சார்’னா சொல்றா? ஏய்! ‘நான் உள்ளதான் சார் ஓடுனேன். பந்து வரும்னு தெரியும், ஆனா காலு தானா உள்ள போயிருது சார்’... அடிப்பாவி! ‘மாத்திக்கிறேன் சார். வர்றேன் சார்’னு சொல்றா தம்பி, என் முன்னாடியே, இத்தன பேரு கேக்க! அப்பா சம்மதம் வேணும்டி! நான் குடுக்கல! என்னது? அம்மாவா? அம்மா சரின்னுருச்சா? எப்ப பேசுன அவகிட்ட? அங்க முன்னாடி உக்காந்துக்கிட்டு இதத்தான் பண்ணிக்கிட்டு வந்தியா? அவளுக்கு என்ன தெரியும்? அவ மில்லுக்கும் அடுப்படிக்கும் நடுவுல கெடக்குறவ, அவகிட்ட எதுக்குய்யா கேக்குறீங்க சம்மதம்?

துவரங்குறிச்சியா? வந்துருச்சா?

ஏய், பைய எதுக்குடி எடுக்குற? டீச்சர், என்ன பண்றீங்க நீங்க? எறங்காத. அனுசு, எறங்காத, அப்பா சொல்றேன்ல!

எறங்கட்டும். விடுங்க தம்பி, எறங்கட்டும். டீ குடிக்கத்தான் எறங்குறாளுக. எங்க போயிருவா? பன்னெண்டாவது படிக்கிற பிள்ள, வெளி ஊரு, கையில என்ன இருக்கு? நான் எறங்கிப் பின்னாடி போனா, அப்புறம் வாழ்க்க பூரா அவ சொல்றதுதான் நடக்கும். நான் இருக்கிற எடத்துல இருந்தா தானா வரும். அடிச்சு வளத்தது நானு. எனக்குத் தெரியாதா அதப் பத்தி?

எங்க போறாளுக? டீக்கடை இந்தப் பக்கம்ல இருக்கு? ரோட்டத் தாண்டி அங்கிட்டு எதுக்குப் போறாளுக? அந்தப் பக்கம் திருச்சி பஸ்ஸுதான் நிக்கும்?

கண்டக்டரு, இருய்யா, விசிலடிக்காத! ரெண்டு பேரு ஏறல. என் பிள்ள ஏறல... என்ன? நானும் எறங்குறதுன்னா எறங்கணுமா? நான் எதுக்குய்யா எறங்கணும்? மதுரைக்குத்தான டிக்கெட் எடுத்தேன், மதுரைக்குத்தான் போறேன். நான் ஒண்ணும் தப்பு பண்ணல. ஏன் எல்லாரும் என்னையப் பாக்குறீங்க? உங்க உங்க வேலயப் பாருங்க. அடிய்யா, அடி உன் விசில. போ. எடு வண்டிய.

தம்பி.

தம்பி, நீங்கதான் சன்னல் பக்கம் இருக்கீங்க. கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. இங்கிட்டுத் திரும்பிப் பாக்குதா?